பாகூரில் நடந்த பயனெட் சண்டை: யார் இந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ்?

பாகூர் என்றதும் என்ன ஞாபகம் வரும்? ஏரி, நெல் வயல், மூலநாதர் கோயில். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால், ஐரோப்பாவில் ராணுவ வரலாறு எழுதுகிறவர்களுக்கு பாகூர் வேறு ஒரு காரணத்துக்காகத் தெரியும். 1752ஆம் ஆண்டு, இந்த ஊர்ப் பக்கத்தில்தான் பிரெஞ்சு வரிசையும் ஆங்கிலேய வரிசையும் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு நேருக்கு நேர் மோதின.

அந்தச் சண்டையில் ஜெயித்தவர் பெயர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கிலேயர்கள் இவரைச் சொல்வார்கள். ஊட்டி பக்கத்தில் லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. அது ஹென்றி லாரன்ஸ், இவருக்கு நூறு ஆண்டுகள் பிந்தியவர். நம்ம லாரன்ஸின் கதை கடலூர், அரியாங்குப்பம், வழுதாவூர், விக்கிரவாண்டி, பாகூர், திருச்சி பொன்மலை என்று நமக்குத் தெரிந்த ஊர்களிலேயே சுற்றுகிறது.

சில நூறு பேர் மட்டுமே கொண்ட ஒரு கம்பெனிப் படை, ஆயிரக்கணக்கான குதிரை வீரர்களைக் கொண்ட நவாபுகளை எப்படி ஜெயித்தது? இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. மீதி பாதி, அவர் படையில் நின்ற நம்ம ஊர் ஆட்களிடம் இருக்கிறது.

50 வயதில் புது வேலை

லாரன்ஸ் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட் நகரில் 1690களின் இறுதியில் பிறந்தவர். பெரிய பிரபுக் குடும்பம் எல்லாம் இல்லை. 1727இல் ராணுவத்தில் சேரும்போதே வயது 30ஐ நெருங்கிவிட்டது. ஜிப்ரால்டர், ஃபிளாண்டர்ஸ் என்று சுற்றினார். 1746 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் கலோடன் போரில் கலந்துகொண்டார். 20 ஆண்டு சர்வீஸ் போட்டும் பெரிய பதவி எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கால இங்கிலாந்தில் அதிகாரிப் பதவி காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. காசும் சிபாரிசும் இல்லாதவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் கிழக்கிந்திய கம்பெனிக்கு ஒரு அவசரம் வந்தது. 1746 செப்டம்பரில் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கம்பெனிக்கு மிச்சம் இருந்தது கடலூர் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைதான். அங்கிருந்த சிப்பாய்களை ஒரு ராணுவமாக மாற்ற ஆள் வேண்டும். கம்பெனி லாரன்ஸைத் தேர்ந்தெடுத்தது. 1748 ஜனவரியில், கிட்டத்தட்ட 50 வயதில், மேஜர் பதவியுடன் அவர் கடலூரில் வந்து இறங்கினார்.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், ரிட்டயர்மென்ட் பற்றி யோசிக்கும் வயதில் புது கம்பெனியில் சேர்ந்த ஆள்.

வரிசைக் காலாட்படை என்றால் என்ன?

லாரன்ஸ் கொண்டுவந்தது புது ஆயுதம் அல்ல. ஒரு பழக்கம். அதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

பழைய ஐரோப்பியப் போர்ப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கலர் கலராகச் சட்டை போட்டவர்கள் தோளோடு தோள் நின்று, எதிரே நிற்பவர்களைப் பார்த்துச் சுடுவார்கள். எதிராளியும் அப்படியே நின்று சுடுவார். ஏன் யாரும் குனியவில்லை, மரத்துக்குப் பின்னால் ஒளியவில்லை என்று தோன்றும். அவர்கள் முட்டாள்கள் இல்லை. கையில் இருந்த துப்பாக்கி அவர்களை அப்படி நிற்க வைத்தது.

அந்தத் துப்பாக்கியின் பெயர் மஸ்கட். குழலின் உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். குண்டு உள்ளே கொஞ்சம் தளர்வாகத்தான் உட்காரும். அதனால் வெளியே வரும்போது எந்தப் பக்கம் போகும் என்று சுடுகிறவருக்கே தெரியாது. 100 கஜத்துக்கு மேல் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். ஒருவர் சுட்டால் வீண். 100 பேர் ஒரே நேரத்தில் ஒரே திசையில் சுட்டால், எதிரே நிற்பவர்களில் பலர் விழுவார்கள்.

அடுத்தது, மருந்து நிரப்புவது. காகித உறையைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைத் துப்பாக்கியின் கிண்ணத்தில் போட்டு, மீதியையும் குண்டையும் குழலின் வாய் வழியாகக் கொட்டி, நீளக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். படுத்துக்கொண்டு இதைச் செய்வது ரொம்பக் கஷ்டம். நின்றுதான் ஆக வேண்டும். நன்றாகப் பயிற்சி பெற்றவர் ஒரு நிமிடத்தில் 2 அல்லது 3 முறை சுடுவார். பயிற்சி இல்லாதவர் பதற்றத்தில் ஒருமுறை சுட்டுவிட்டு நிற்பார்.

அதனால்தான் வரிசை. பொதுவாக ஒருவர் பின் ஒருவராக 3 அடுக்கு. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து மாற்றி மாற்றிச் சுடுவார்கள். ஒரு குழு மருந்து நிரப்பும் நேரத்தில் இன்னொரு குழு சுடும். சத்தம் நிற்காது. புகை எழுந்தால் முன்னால் எதுவும் தெரியாது. அப்போது அதிகாரியின் குரலும் முரசுச் சத்தமும் கொடியும்தான் வழிகாட்டி. கண்ணைப் பறிக்கும் சிவப்பு, வெள்ளைச் சட்டைகளுக்கும் இதில் வேலை இருந்தது. புகைக்குள் யார் நம்ம ஆள் என்று தெரிய வேண்டுமே.

கடைசியாக, பயனெட். 1700 வாக்கில் ஐரோப்பிய ராணுவங்கள் நீள ஈட்டியைக் கைவிட்டு, துப்பாக்கியின் முனையில் வளையத்தோடு மாட்டும் கத்திக்கு மாறின. கத்தி மாட்டியிருக்கும்போதே சுடவும் முடியும். இதனால் ஒவ்வொரு சிப்பாயும் துப்பாக்கிக்காரனாகவும் ஈட்டிக்காரனாகவும் ஆனான். குதிரைப்படை பாய்ந்து வந்தாலும், அசையாமல் நிற்கும் கத்தி முனைச் சுவரில் குதிரை மோதாது.

இதில் முக்கியமான வார்த்தை, அசையாமல். பக்கத்தில் நின்றவன் விழுந்தாலும் இடைவெளியை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவன் ஓடினால் பத்துப் பேர் ஓடுவார்கள். வரிசை உடைந்தால் கதை முடிந்தது. தினமும் காலையும் மாலையும் டிரில் என்ற பெயரில் ஒரே அசைவை ஆயிரம் முறை செய்ய வைத்ததற்குக் காரணம் இதுதான். மூளை பயந்தாலும் கை தானாக வேலை செய்ய வேண்டும்.

அடையாறு சொன்ன பாடம்

இந்த முறை இந்தியாவில் எடுபடும் என்று முதலில் காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1746 இறுதியில் ஆற்காடு நவாபின் மகன் மாபூஸ் கான் சுமார் 10,000 பேருடன் அடையாறு ஆற்றங்கரையில் நின்றார். எதிரே பாரதி என்ற பிரெஞ்சு அதிகாரியின் தலைமையில், புதுச்சேரியில் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்களும் ஐரோப்பியர்களுமாகச் சுமார் 1,000 பேர். பாரதியின் படை ஆற்றில் இறங்கி, கரையேறி, ஒரு சுற்றுச் சுட்டுவிட்டு பயனெட்டோடு பாய்ந்தது. நவாபின் பெரும்படை சிதறி ஓடியது.

உள்ளூர் ஆட்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுப்பதைப் புதுச்சேரி ஆளுநர் டுமாஸ் ஏற்கெனவே தொடங்கியிருந்தார். அவருக்குப் பின் வந்த டூப்ளே அதைப் பெரிதாக்கினார். அதாவது, லாரன்ஸ் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் கடலூருக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருந்தது.

ஜெயித்தார், பிறகு மாட்டினார்

வந்த ஆறே மாதத்தில் லாரன்ஸுக்கு முதல் பரீட்சை. 1748 ஜூனில் கடலூரைப் பிடிக்க டூப்ளே ஒரு படையை அனுப்பினார். செய்தி தெரிந்ததும் லாரன்ஸ் பட்டப்பகலில் எல்லாரும் பார்க்க, கடலூரில் இருந்த வீரர்களையும் பீரங்கிகளையும் புனித டேவிட் கோட்டைக்கு மாற்றினார். கடலூர் காலி என்று ஒற்றர்கள் பிரெஞ்சுப் படைக்குத் தகவல் சொன்னார்கள். இருட்டியதும் அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நள்ளிரவில் ஏணியோடு அலட்சியமாக வந்தவர்கள் மதிலில் இருந்து வந்த குண்டு மழையில் திரும்பி ஓடினார்கள்.

ஆனால் இரண்டே மாதத்தில் அவர் கைதியானார். ஆகஸ்டில் அட்மிரல் போஸ்காவென் பெரிய கடற்படையுடன் வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். வழியில் அரியாங்குப்பத்தில் ஒரு சிறு கோட்டை. அதைப் பிடிக்க வெட்டிய பதுங்கு குழிகளுக்கு லாரன்ஸ் பொறுப்பு. பிரெஞ்சுக் குதிரைப்படை திடீரென வெளியே வந்து பாய்ந்ததும், குழியில் இருந்தவர்கள் பீதியில் ஓடினார்கள். லாரன்ஸ் ஓடவில்லை. அதனால் பிடிபட்டார். அந்த ஆண்டே ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதால் விடுதலையும் கிடைத்தது.

வரிசை உடைந்தால் என்ன ஆகும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. அரியாங்குப்பத்தில் நேரில் பார்த்தார்.

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு கைக்கு எப்படிப் போயின?

சமாதானம் வந்தது ஐரோப்பாவில்தான். இங்கே ஆற்காடு நவாப் பதவிக்கும் ஹைதராபாத் நிஜாம் பதவிக்கும் வாரிசுச் சண்டை வெடித்தது. ஆற்காட்டுக்கு சந்தா சாகிப் ஒரு பக்கம், முகமது அலி இன்னொரு பக்கம். சந்தா சாகிபுக்கு பிரெஞ்சு ஆதரவு, முகமது அலிக்கு ஆங்கிலேயர் ஆதரவு. இரண்டு கம்பெனிகளும் உள்ளூர் மன்னர்களின் வாடகைப் படைகள் என்ற பெயரில் மோதிக்கொண்டன.

1749இல் ஆம்பூர் போரில் சந்தா சாகிப் தரப்பு ஜெயித்ததும், உதவிக்கு நன்றியாகப் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தன. வில்லியனூர், பாகூர் வட்டாரங்கள் பிரெஞ்சு வசம் வந்தது இந்தக் காலத்தில்தான். இன்று புதுச்சேரியில் இருந்து ஒரு பஸ் பிடித்தால், நடுவில் தமிழ்நாடு வந்து, மறுபடியும் புதுச்சேரி வருகிறதே, அந்த ஒட்டுத்துணி வரைபடத்தின் ஆரம்பம் இங்கே இருக்கிறது.

1750இல் லாரன்ஸ் வழுதாவூர் பக்கத்தில் நாசிர் ஜங்கின் பெரும்படையோடு சேர்ந்து நின்றார். எதிரே பிரெஞ்சுப் படை. சண்டைக்கு முன்னால் பிரெஞ்சு அதிகாரிகள் 13 பேர் காசு விவகாரத்தில் கோபித்துக்கொண்டு பதவியை விட்டுப் போனார்கள். அதிகாரி இல்லாத வரிசை நிற்குமா? அந்தப் படை இரவோடு இரவாகப் புதுச்சேரிக்குத் திரும்பியது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு லாரன்ஸும் கம்பெனியோடு சம்பளத் தகராறில் பேப்பர் போட்டுவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அவர் இல்லாத நேரத்தில், 1751இல், ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கினார். கிளைவ் ஒரு காலத்தில் கம்பெனியின் குமாஸ்தா. போர்க்களத்தில் அவரை அடையாளம் கண்டு வளர்த்தவர்களில் முக்கியமானவர் லாரன்ஸ். 1749இல் தேவிக்கோட்டைத் தாக்குதலில் முன்னணியில் போகும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்ததும் இவர்தான். பின்னாளில் கம்பெனி கிளைவுக்கு வைரம் பதித்த வாள் பரிசளித்தபோது, லாரன்ஸுக்கும் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று கிளைவ் நிபந்தனை போட்டார்.

1752 மார்ச்சில் லாரன்ஸ் திரும்பி வந்தார். ஜூனில் திருச்சி முற்றுகை உடைந்தது. ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். டூப்ளேயின் திட்டம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

பாகூர், 1752

டூப்ளே அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. ஜூலையில் செஞ்சியைப் பிடிக்கப் போன ஓர் ஆங்கிலேயப் படை, முடியாமல் திரும்பும்போது விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படையிடம் அடி வாங்கியது. அடுத்து, சென்னையில் இருந்து மசூலா படகுகளில் கடல்வழியாகக் கடலூருக்கு வந்த சுவிஸ் கூலிப்படைப் பிரிவு ஒன்றைப் புதுச்சேரிக்கு எதிரே டூப்ளே மடக்கிப் பிடித்தார். உத்தியோகபூர்வமாக இரு நாடுகளும் அப்போது சமாதானத்தில் இருந்தன.

லாரன்ஸ் படகை நம்பாமல் கப்பலில் ஏறிக் கடலூர் வந்து சேர்ந்தார். அவரிடம் சுமார் 400 ஐரோப்பியர், 1,700 சிப்பாய்கள், நவாப் முகமது அலியின் சுமார் 4,000 பேர். பிரெஞ்சுத் தரப்பில் டூப்ளேயின் நெருங்கிய உறவினர் கெர்ழான் தலைமையில் சுமார் 400 ஐரோப்பியர், 1,500 சிப்பாய்கள், 500 குதிரைகள்.

லாரன்ஸ் நெருங்கியதும் கெர்ழான் புதுச்சேரி எல்லை வேலிக்குப் பின்வாங்கினார். நகரைச் சுற்றி நிலப்பக்கம் கற்றாழையும் கள்ளியும் அடர்ந்த பெரிய வேலி ஒன்று இருந்தது. வில்லியனூர்ப் பாதை போன்ற முக்கிய வழிகள் அந்த வேலியைக் கடக்கும் இடங்களில் பின்னாளில் காவல் கொத்தளங்களும் இருந்தன. சமாதான காலம் என்பதால் வேலிக்குள் நுழைந்து தாக்கக் கூடாது என்று ஆளுநரின் உத்தரவு. லாரன்ஸுக்குக் கை கட்டப்பட்ட நிலை.

அவர் கடலூரில் செய்த வித்தையையே வேறு விதமாகச் செய்தார். பயந்து பின்வாங்குவதுபோல் தெற்கே பாகூருக்குத் திரும்பினார். ஆங்கிலேயர் ஓடுகிறார்கள் என்று புதுச்சேரியில் பேச்சு. விரட்டிப் போகும்படி டூப்ளே நெருக்கினார். கெர்ழானுக்கு விருப்பமே இல்லை. ஆனாலும் போனார். ஆங்கிலேய முகாமுக்குச் சுமார் 2 மைல் தூரத்தில் பாளையம் இறங்கினார். லாரன்ஸ் எதிர்பார்த்தது அதைத்தான்.

விடிவதற்கு முன், 3 மணி வாக்கில் ஆங்கிலேயப் படை நகர்ந்தது. முன்னால் போன சிப்பாய்கள் இருட்டில் பிரெஞ்சுத் தரப்புச் சிப்பாய்களோடு மோதினார்கள். இரு பக்கமும் இந்தியர்கள்தான் முதலில் சுட்டுக்கொண்டார்கள். வெளுக்கத் தொடங்கியதும் பிரெஞ்சு வரிசை தெரிந்தது. ஒரு பக்கம் கரை, இன்னொரு பக்கம் நீர்நிலை, நடுவில் வரிசை. பக்கவாட்டில் சுற்றி வளைக்க முடியாத நல்ல இடம். நேராகப் போவதைத் தவிர வழி இல்லை.

இரு வரிசைகளும் சுட்டுக்கொண்டே நெருங்கின. பெரும்பாலான போர்களில், பயனெட் நெருங்குவதற்கு முன்பே ஏதாவது ஒரு தரப்பு திரும்பி ஓடிவிடும். கத்தி உடலில் படுவது அபூர்வம். பாகூரில் அந்த அபூர்வம் நடந்தது. யாரும் ஓடவில்லை. கத்தியும் கத்தியும் உரசின. சில நிமிடங்கள் கைகலப்பு. ஆங்கிலேயத் தரப்பின் கிரெனடியர் பிரிவு, அதாவது உயரமான, தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள், பிரெஞ்சு வரிசையின் நடுவைப் பிளந்தார்கள். நடு உடைந்ததும் முழு வரிசையும் கலைந்து, துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு ஓடியது.

கெர்ழானும் அவரது பல அதிகாரிகளும் சுமார் 100 வீரர்களும் பிடிபட்டார்கள். ஓடுகிறவர்களை விரட்ட வேண்டிய நவாபின் குதிரைப்படை, பிரெஞ்சு முகாமைக் கொள்ளையடிப்பதில் பிஸியாகிவிட்டது. இல்லையென்றால் தோல்வி இன்னும் பெரிதாகியிருக்கும்.

பாகூரின் பலன் வயலோடு முடியவில்லை. டூப்ளே பக்கம் சேர வந்துகொண்டிருந்த மராத்தியக் குதிரைப்படைப் பிரிவு ஒன்று செய்தி தெரிந்ததும் நவாப் பக்கம் போனது. இரண்டு ஆண்டுகளில், 1754இல், டூப்ளே பிரான்ஸுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. இந்தப் போருக்குச் சில புத்தகங்கள் ஆகஸ்ட் 26 என்றும், சில செப்டம்பர் 6 என்றும் போடும். இரண்டும் சரிதான். பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே புதிய நாள்காட்டியில் இருந்தார்கள். ஆங்கிலேயர்கள் 11 நாள் பின்தங்கிய பழைய கணக்கில் இருந்தார்கள். அதே 1752 செப்டம்பரில்தான் அவர்களும் மாறினார்கள்.

வரிசையில் நின்றது யார்?

1753இல் சண்டை மறுபடியும் திருச்சிக்குப் போனது. ஜூன் 26 அன்று பொன்மலையில், மைசூர், மராத்திய, பிரெஞ்சுப் படைகள் சேர்ந்து சூழ்ந்த நிலையில், லாரன்ஸின் சில நூறு பேர் மலையில் ஏறிப் பயனெட்டால் இடத்தைத் திரும்பப் பிடித்தார்கள். இன்று ரயில்வே பணிமனை இருக்கும் அதே பொன்மலைதான்.

இந்த வெற்றிகளை எல்லாம் லாரன்ஸ் பெயரில் எழுதினாலும், அவரது படையில் எண்ணிக்கையில் அதிகம் இருந்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். பாகூரிலேயே 400 ஐரோப்பியருக்கு 1,700 சிப்பாய்கள் இருந்தார்களே. அவர்கள் ஏன் போனார்கள்? தேசம் என்ற எண்ணமே அப்போது இப்போதுபோல இல்லை. நவாப், நிஜாம், பாளையக்காரர், கம்பெனி என்று பல முதலாளிகள். மாதச் சம்பளம் ஒழுங்காக யார் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வேலை. கம்பெனியும் பல நேரம் பாக்கி வைத்தது. ஆனாலும் நவாபைவிடப் பரவாயில்லை என்ற நிலை.

ஆரம்பத்தில் சிப்பாய்கள் கையில் கிடைத்த துப்பாக்கி, வாள், ஈட்டியோடு, தங்கள் ஊர்த் தலைவர்களின் கீழ் கூட்டமாகத்தான் சண்டை போட்டார்கள். லாரன்ஸின் காலத்தில் அது கம்பெனிகளாக, பிறகு பட்டாலியன்களாக மாறியது. ஒரே மாதிரி துப்பாக்கி, ஒரே மாதிரி டிரில், ஒரே மாதிரி சட்டை. இன்றைய இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் தொடக்க ஆண்டாக 1758ஐச் சொல்வது இந்த மாற்றத்தை வைத்துத்தான்.

ஆனால் இந்த ஒழுங்குக்கு ஒரு விலையும் இருந்தது. பட்டாலியன் அமைப்பு இறுக இறுக, தலைமை ஐரோப்பிய அதிகாரிகளின் கைக்குப் போனது. இந்தியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ஒரு எல்லைக்கு மேல் ஏற முடியாது. இதற்கு ஒரு பெரிய உதாரணம் யூசுப் கான். நமக்கெல்லாம் மருதநாயகம் என்று தெரிந்தவர். திருச்சிப் போர்களில் லாரன்ஸின் கீழ் சிப்பாய்களை வழிநடத்தி, லாரன்ஸின் மனம் திறந்த பாராட்டைப் பெற்றவர். சிப்பாய்களின் தளபதி என்ற பதவிவரை உயர்ந்தவர். பிறகு மதுரையை ஆண்டு, நவாபோடும் கம்பெனியோடும் முரண்பட்டு, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது சென்னைப் படையின் தலைமைத் தளபதி, அதே லாரன்ஸ்.

லாலி வந்தார், வில்லியனூர் வீழ்ந்தது

1756இல் ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் தொடங்கியது. இந்த முறை பிரான்ஸ் அனுப்பிய தளபதி லாலி. 1745இல் ஃபோந்தெனுவா போரில் பெயர் வாங்கியவர். ஸ்காட்லாந்துக் கலகத்தில் லாரன்ஸின் எதிர்த்தரப்பில் இருந்தவரும்கூட. 1758 ஏப்ரலில் வந்த லாலி, ஜூனில் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார்.

60 வயதைத் தொட்ட லாரன்ஸ் கோட்டைக்குள் இருந்து பாதுகாப்புக்குத் தலைமை தாங்கினார். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்ததும் லாலி முற்றுகையைக் கைவிட்டார். உடல்நிலை காரணமாக லாரன்ஸ் அந்த ஆண்டே இங்கிலாந்து போனார்.

மீதிக் கதையை ஐர் கூட் முடித்தார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் லாலியின் வரிசை உடைந்தது. ஜூலையில் வில்லியனூர் கோட்டை கூட்டிடம் சரணடைந்தது. வில்லியனூர் போனதும் புதுச்சேரிக்கு மேற்கில் இருந்து வரும் நெல்லும் மாடும் நின்றன. நவம்பரில் உணவு தீர்ந்துபோக, லாலி நகரில் இருந்த தமிழ் மக்களை வெளியே துரத்தினார். சுமார் 1,400 பேர். ஆங்கிலேயர் முதலில் அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் இரு படைகளுக்கும் நடுவே, கிடைத்த புல்லையும் கிழங்கையும் தின்று நாள்கணக்கில் கிடந்தார்கள். பிறகுதான் வழி விடப்பட்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. கோட்டை இடிக்கப்பட்டது. லாலி 1766இல் பாரிஸில் தலை வெட்டப்பட்டார். இன்று புதுச்சேரியில் லாலி தொலாந்தால் வீதி அவர் பெயரில் இருக்கிறது. துரத்தப்பட்ட 1,400 பேர் பெயரில் வீதி எதுவும் இல்லை.

கடைசி ஆண்டுகளும் பாக் நீரிணையும்

1761இல் லாரன்ஸ் மேஜர் ஜெனரலாகச் சென்னைக்குத் திரும்பினார். படையைச் சீரமைக்கும் வேலையைக் கவனித்தார். 1766இல் ஓய்வு. 1775 ஜனவரி 10 அன்று லண்டனில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்தின் பெரும்பகுதி அவரது நெருங்கிய நண்பரும் சென்னையின் முன்னாள் ஆளுநருமான ராபர்ட் பாக்கின் குடும்பத்துக்குப் போனது. ஆமாம், ராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே இருக்கும் பாக் நீரிணை, அந்தப் பாக்கின் பெயர்தான்.

நன்றிக்கடனாகப் பாக் 1788இல் டெவன் பகுதியில் ஒரு குன்றின் மேல் மூன்று மூலைக் கோபுரம் ஒன்றைக் கட்டி, உள்ளே லாரன்ஸுக்கு ரோமானிய உடையில் சிலை வைத்தார். கம்பெனியும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நினைவுச்சின்னம் எழுப்பியது. அதில் திருச்சி முற்றுகையின் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

வரிசை எப்போது மறைந்தது?

துப்பாக்கி உருவாக்கிய வரிசையைத் துப்பாக்கியே முடித்துவைத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், குழலுக்குள் சுழல் பள்ளம் போட்ட ரைபிள் பரவியது. குண்டு நேராக, தூரமாகப் போனது. அடுத்து, பின்பக்கம் வழியாக மருந்து போடும் துப்பாக்கி வந்தது. படுத்துக்கொண்டே சுடலாம், நிமிடத்துக்குப் பல முறை சுடலாம். 1866இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதியபோது, நின்ற வரிசையைப் படுத்துச் சுட்டவர்கள் துவம்சம் செய்தார்கள். 1914இல் இயந்திரத் துப்பாக்கியை எதிர்கொண்ட பிறகு, தோளோடு தோள் நிற்பது தற்கொலை என்று எல்லாருக்கும் புரிந்தது.

ஆனால் டிரில் போகவில்லை. குடியரசு தின அணிவகுப்பில் பார்க்கும் கால் வீச்சு, துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றும் அசைவு, பக்கத்து ஆளைப் பார்த்து வரிசை நேராக்குவது, எல்லாம் மஸ்கட் காலத்தின் மிச்சம். நம்ம ஸ்கூல் என்சிசி பரேடில் சாவதான், விஷ்ராம் என்று கத்தும்போதும் அந்தப் பழைய வரிசைதான் நிற்கிறது.

லாரன்ஸ் மேதை என்று சொல்வது கஷ்டம். கிளைவ் போலப் பளபளப்பும் இல்லை, டூப்ளே போலப் பெரிய கனவும் இல்லை. ஓடாமல் நிற்கும் ஒரு வரிசையை உருவாக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தெரிந்தவர். அந்த வரிசையை வைத்துத்தான் ஒரு வியாபாரக் கம்பெனி நாட்டைப் பிடித்தது. அதில் பெரும்பாலும் நின்றவர்கள் இங்கிருந்தவர்களே. எதிர் வரிசையில் நின்ற சிப்பாய்களும் அப்படித்தான்.

வெஸ்ட்மின்ஸ்டரில் லாரன்ஸுக்குப் பளிங்குச் சின்னம் இருக்கிறது. விடிவதற்கு முன், இருட்டில், பாகூரில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட அந்தச் சிப்பாய்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அடுத்த முறை பாகூர் ஏரிக்கரைக்கு ரீல்ஸ் எடுக்கப் போனால், கேமராவை வயல் பக்கமும் ஒருமுறை திருப்புங்கள்.